தீயாற்றங்கரையில் தாமஸ் ஜாகர்

எரிமலைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நெருப்புக் குழம்பு மனிதன் நடக்கும் வேகத்தில்தான் இறங்கி வருகிறது என்றால், அதை மறித்து நிறுத்திவிட முடியாதா என்பதே அது. நியாயமான கேள்வி. வெள்ளத்துக்குக் கரை கட்டுகிறோம். ஆற்றுக்கு அணை கட்டுகிறோம். தீயாற்றுக்கு மட்டும் ஏன் கூடாது? வகுப்பில் இதற்கு ஒரே வரியில் விடை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இந்தக் கேள்விக்காகவே பேராசிரியப் பதவியை விட்டுவிட்டுக் கனன்று கொண்டிருந்த எரிமலையின் விளிம்பில் 28 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரின் வாழ்க்கையைச் சொன்னால்தான் அந்த விடை விளங்கும். அவர் அமெரிக்க நிலவியல் அறிஞர் தாமஸ் அகஸ்டஸ் ஜாகர். நிலவியல் பயில்வோர் நன்கறிந்த பெயர் அது. மற்றத் துறை மாணவர்களும் அறிய வேண்டும் என்ற ஆசையால் இம்மலரில் எழுதுகிறேன்.

ஜாகர் 1871ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவத் திருச்சபையில் பேராயர். மகன் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பயின்றார்; ஜெர்மனிக்குச் சென்றும் கற்றார்; 1897இல் டாக்டர் பட்டம் பெற்று ஹார்வர்டிலேயே ஆசிரியரானார். இயற்கையைச் சிறிய அளவில் ஆய்வுக்கூட மேசைமேல் செய்து பார்ப்பதில் அவருக்கு இளமையிலேயே பெருவிருப்பம். மணலைப் பரப்பித் தண்ணீர் விட்டு, ஆறு எப்படி நிலத்தை அரிக்கிறது என்று பார்த்தார். வெந்நீர் ஊற்று எவ்வாறு பீறிடுகிறது என்பதற்கும் சோதனைகள் செய்தார். இப்படியே இருந்திருந்தால் நல்ல ஆசிரியர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பார். நானும் இக்கட்டுரை எழுத நேர்ந்திராது.

1902ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்த்தினிக்கில் பெலே என்னும் மலை வெடித்தது. அதன் அடிவாரத்தில் இருந்த செயின்ட் பியேர் துறைமுக நகரம் சில நிமிடங்களில் அழிந்தது. இறந்தோர் ஏறத்தாழ 28,000 பேர். நகரத்துக்குள் இருந்து உயிர் தப்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்க அரசு உதவிப் பொருள்களோடு டிக்சி என்ற கப்பலை அனுப்பியபோது, அதில் சென்ற அறிவியலாளர்களுள் ஜாகரும் ஒருவர். பேரழிவு நடந்து 13 நாள் கழித்து அவர் அங்கே இறங்கினார். தெருக்கள் சாம்பலில் புதைந்து கிடந்தன. வீடுகளுக்குக் கூரை இல்லை. சடலங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். செயின்ட் பியேரைக் கொன்றது நெருப்புக் குழம்பின் ஓட்டம் அன்று. அது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கற்பொடியும் கலந்து, புயலினும் விரைவாக மலைச்சரிவில் உருண்டு வந்த மேகம். அதன் எதிரில் ஓடித் தப்ப இயலாது. குழம்பு ஓட்டமோ பெரும்பாலும் மனிதனுக்கு ஓட நேரம் கொடுக்கும். ஆனால் அவன் வீட்டையும் நிலத்தையும் விட்டுவைக்காது. எரிமலை என்றாலே எல்லாம் ஒன்று என்று எண்ணி, இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து காட்டும் நூல்கள் இன்றும் உள்ளன. ஜாகர் பின்னாளில் வாழச் சென்ற ஹவாய்த் தீவில் பெரிதும் நிகழ்வது இரண்டாம் வகை.

மார்த்தினிக்கில் அவரை உறுத்தியது பிணக்குவியல் மட்டுமன்று. மலை பல நாள் முன்னதாகவே புகைந்தும் குமுறியும் அடையாளம் காட்டியிருந்தது. அந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லை. அறிவியலார் எல்லாரும் அழிவுக்குப் பின்னர்க் கப்பலேறி வந்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள், திரும்பினார்கள். நோயாளி இறந்த பிறகு வந்து நாடி பார்க்கும் மருத்துவருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? எரிமலைக்கு அருகிலேயே குடியிருந்து, அது அமைதியாக இருக்கும் நாளிலும் அதன் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஜாகர் முடிவு செய்தார். இத்தாலியில் வெசூவியஸ் மலையில் 1841லேயே இத்தகைய ஆய்வகம் அமைந்திருந்தது. அமெரிக்க மண்ணில் எதுவும் இல்லை.

முடிவு செய்வது எளிது. பணம் திரட்டுவது அரிது. இதற்கிடையே 1906இல் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிலவியல் துறைத் தலைவரானார். அதே ஆண்டு வெசூவியஸ் சென்றார். அடுத்த ஆண்டு அலூசியன் தீவுகளுக்குச் சென்றார். 1908 டிசம்பரில் இத்தாலியின் மெசினா நகரை நிலநடுக்கமும் கடல் அலையும் சேர்ந்து அழித்தன. 70,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவரால் பொறுத்திருக்க முடியவில்லை. 1909இல் ஹவாய்க்கும் ஜப்பானுக்கும் பயணமானார். ஜப்பானில் நிலநடுக்க அறிஞர் ஓமோரியின் பணியைக் கண்டார். ஹொனலூலுவில் செய்தித்தாள் அதிபர் லாரின் தர்ஸ்டன் என்பவரின் ஆதரவு கிடைத்தது. விட்னி குடும்ப அறக்கட்டளை 25,000 டாலர் வழங்கியது. ஹவாயில் வணிகர்களும் பொதுமக்களும் சேர்ந்து 1911இல் எரிமலை ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். எரிமலைக்கு இரையாகும் நகரம் இனி ஒன்றும் இருக்கக் கூடாது என்னும் கருத்தை இலத்தீன் மொழியில் தங்கள் குறிக்கோளாகவும் பொறித்துக் கொண்டனர்.

ஹவாயை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே கிலாவியா என்னும் எரிமலையின் உச்சிப் பள்ளத்தில் ஹலேமாவுமாவு என்ற குழி இருக்கிறது. அக்காலத்தில் அக்குழிக்குள் குழம்பு ஏரியாகத் தேங்கி, ஆண்டுக்கணக்கில் கொதித்துக் கொண்டிருந்தது. கரையில் நின்று எட்டிப் பார்க்கலாம். பக்கத்திலேயே 4,169 மீட்டர் உயரமுள்ள மவுனா லோவா. அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பொங்கும் மலை. உலகில் ஓடும் நெருப்பைக் கற்க இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

1912 ஜனவரியில் ஜாகர் கிலாவியாவுக்கு வந்து சேர்ந்தார். கிடைத்தற்கரிய பதவியை உதறிவிட்டு, 40 வயதைக் கடந்தபின் ஒரு காட்டுக்குள் போய் உட்கார்ந்த அவரைப் பலர் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். அவர் முதலில் செய்தது குழி தோண்டியதுதான். நிலநடுக்கமானியை அசையாத பாறைமேல் நிறுத்த வேண்டும். சிறைக் கைதிகளைக் கொண்டு ஏறத்தாழ ஆறடிச் சாம்பலையும் நுரைக்கல்லையும் வெட்டியெடுத்து, அடியில் கிடந்த பழைய குழம்புப் பாறையை எட்டினார்கள். அந்த நிலவறையில் ஓமோரி வகைக் கருவிகள் வைக்கப்பட்டன. அன்று தொடங்கிய குறிப்பேடு பின்னர் நிற்கவில்லை. மலை அதிர்ந்ததா, தரை சாய்ந்ததா, ஏரி ஏறியதா இறங்கியதா என்று நாள்தோறும் எழுதினார்கள். படிக்கச் சலிப்பூட்டும் எழுத்துத்தான். ஆயினும் அவருடைய பிற செயல்கள் அனைத்தையும்விட இந்தச் சலிப்பூட்டும் குறிப்பேட்டையே நான் உயர்வாக மதிக்கிறேன். காரணம் போகப் போக விளங்கும்.

குழம்பு எப்படி நடந்து கொள்கிறது? ஜாகர் தம் வாழ்நாளில் கண்டதையும் அவருக்குப் பின் வந்தோர் கண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வெல்லப் பாகு காய்ச்சும் அடுப்படியை நினைத்துக் கொள்ளுங்கள். இளம்பாகு கரண்டியிலிருந்து நூலாக வழியும். சற்று ஆறினால் கம்பியாகும். இன்னும் ஆறினால் கட்டியாகிவிடும். ஹவாய்க் குழம்பும் அப்படியே. வாயிலிருந்து வெளிப்படும்போது அதன் வெப்பம் ஏறத்தாழ 1,150 டிகிரி சென்டிகிரேடு. அப்போது இளகிய நிலையில் விரைந்து ஓடும். மேற்பரப்பு காற்றுப் பட்டவுடன் பாலாடை போல் தோல் கட்டும். உள்ளே ஓடும் குழம்பு அந்தத் தோலை இழுத்து மடிக்க, கயிறு திரித்து அடுக்கியது போன்ற வழவழப்பான பாறை உண்டாகிறது. ஹவாய் மக்கள் இதற்குப் பஹோய்ஹோய் என்று பெயரிட்டனர். குழம்பு இறுகி, ஓட்டத்தில் கிழிபட்டு, கரடுமுரடான கற்குவியலாக நகர்ந்தால் அதன் பெயர் ஆஆ. அதன்மேல் செருப்பில்லாமல் நடப்பவன் எழுப்பும் ஒலியே பெயராயிற்று என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். அது வேடிக்கைக் கதைதான். ஆனால் இவ்விரு ஹவாய்ச் சொற்களையும் உலக அறிவியல் அப்படியே ஏற்றுக் கொண்டது. நம் தக்காணத்துக் கரும்பாறைகளை ஆராய்வோரும் இச்சொற்களையே ஆள்கின்றனர். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மராட்டிய நிலத்தில் ஓடிய குழம்புக்கும் அத்தீவின் மீனவர் சூட்டிய பெயர்கள் பொருந்துவதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

ஆஆ வகையின் முகப்பு ஒரு சுவர் போல் நிமிர்ந்து வரும். மேலிருந்து கற்கள் உருண்டு முன்னால் விழ, அவற்றின்மேல் ஓட்டம் ஏறிச் செல்லும்; பீரங்கி வண்டியின் சங்கிலிச் சக்கரம் தன் பாதையைத் தானே விரித்துக் கொள்வது போல. பஹோய்ஹோய் வேறு விதம். அது ஒரு விரல் நீட்டும், நிற்கும், உப்பும், பக்கத்தில் இன்னொரு விரல் நீட்டும். எந்தத் திசையில் அடுத்த விரல் வரும் என்று சொல்வது கடினம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது குகை வழி. நீறு பூத்த நெருப்பு நமக்குத் தெரியும். ஓட்டத்தின் மேற்பரப்பு முழுதும் இறுகிக் கூரையாகிவிட, உள்ளே குழம்பு குழாயில் ஓடுவது போல் ஓடும். பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே உள்ளே செல்லும் குழம்பு பல கிலோமீட்டர் போனாலும் சில டிகிரிதான் ஆறும். மேலே பார்த்தால் செத்த பாறை. அடியில் ஓடும் ஆறு. மலை உச்சியருகே பிறந்த குழம்பு கடற்கரை ஊர் வரை உயிரோடு வந்து சேர்வது இவ்வழியால்தான். இந்தக் கூரையை உடைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் ஜாகரின் மனத்தில் பின்னாளில் வேர் விட்டது.

ஆபத்துகளும் பல. குழம்பு புதைத்த செடிகொடிகளிலிருந்து எழும் வாயு, பாறை இடுக்குகளில் தேங்கி, ஓட்டத்துக்கு முன்னாலுள்ள நிலத்தில் திடீரென வெடிக்கும். கடலில் குழம்பு விழுந்தால் எழும் வெண்ணிற ஆவியைக் காண அழகாக இருக்கும். அதில் ஹைடிரோகுளோரிக் அமிலமும் கண்ணாடித் துகளும் உண்டு. கடலோரத்தில் புதிதாக உண்டாகும் தரை, அடியில் பிடிப்பின்றித் திடீரெனச் சரிந்து விழும். வேகமும் எப்போதும் ஆமை வேகம் அன்று. 1950 ஜூனில் மவுனா லோவாவின் தென்மேற்குச் சரிவில் பொங்கிய குழம்பு 4 மணி நேரத்துக்குள் கடலை எட்டியது. ஆப்பிரிக்காவின் நைராகாங்கோ மலையில் 1977இல் ஏரி உடைந்து ஓடிய குழம்பு, மனிதர்கள் ஓட முடியாத வேகத்தில் வந்து பலரைக் கொன்றது.

மீண்டும் ஜாகரிடம் வருவோம். அவருடைய முதல் மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1917இல் இசபெல் மேட்வெல் என்னும் ஆசிரியையை மணந்தார். அவ்வம்மையார் மனைவியாக மட்டுமின்றி ஆய்வகத்தில் உடனுழைப்பவராகவும் விளங்கினார். அதே ஆண்டு குழம்பு ஏரிக்குள் நீண்ட இரும்புக் குழாய்களைச் செலுத்தி, அதன் ஆழத்தையும் வெவ்வேறு ஆழங்களில் வெப்பத்தையும் ஜாகர் அளந்தார். கரையில் நின்று, கொதிக்கும் பாறைக்குள் குழாய் விட்டு அளந்த அத்துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆய்வகம் தொழில்நுட்பக் கழகத்திடமிருந்து வானிலைத் துறைக்கும், பின் நிலவியல் அளவைத் துறைக்கும், பின் தேசியப் பூங்காத் துறைக்கும் கைமாறியது. வரவு செலவில் வெட்டு விழும்போதெல்லாம் ஹவாய்ச் சங்கத்தார் கை கொடுத்தார்கள். அலுவலகக் கதை அவ்வளவே.

1926 ஏப்ரலில் மவுனா லோவா பொங்கியது. தென்மேற்குச் சரிவில் இறங்கிய ஆஆ ஓட்டம் 18ஆம் நாள் ஹோவோப்பூலோவா என்னும் மீனவர் சிற்றூரை அடைந்தது. மக்கள் முன்னரே வெளியேறியிருந்தனர். வீடுகளையும் சிறு துறையையும் புதைத்துவிட்டுக் குழம்பு கடலில் இறங்கியது. ஜாகர் அதை அருகிருந்து கண்டார். மார்த்தினிக்கில் அவர் கண்டது முடிந்து போன அழிவு. இங்கே ஓர் ஊர் மெல்ல மெல்ல, கண்ணெதிரில், பகல் வெளிச்சத்தில் மறைந்தது. எச்சரிக்கை உயிரைக் காத்தது, ஊரைக் காக்கவில்லை. இனி ஊரையும் காக்க வேண்டும் என்ற வேகம் அதன்பின் அவருடைய எழுத்தில் மிகுந்தது என்றே நான் கருதுகிறேன்.

குறிப்பேடு உயிர் காத்த நிகழ்ச்சி இன்னொன்றும் உண்டு. 1923 பிப்ரவரியில் கம்சட்காவில் நிகழ்ந்த பெருநடுக்கம் ஆய்வகக் கருவியில் பதிவாயிற்று. கடல் அலை வரக்கூடும் என்று ஜாகர் ஹீலோ துறைமுகத்துக்குச் சொல்லியனுப்பினார். அதை உரியவாறு பொருட்படுத்தவில்லை; அலை வந்தது; மீனவர் ஒருவர் இறந்தார். 1933 மார்ச்சில் ஜப்பானுக்கு அருகே நடுக்கம் நிகழ்ந்தபோது மீண்டும் எச்சரித்தார். இம்முறை கேட்டார்கள், படகுகளை அகற்றினார்கள், ஓர் உயிரும் போகவில்லை. அவர் ஓய்வு பெற்ற பின்னர் 1946இல் எச்சரிக்கை ஏதுமின்றி வந்த அலை ஹவாய்த் தீவுகளில் 159 பேரைக் கொண்டு போனது. அதன் பிறகே பசிபிக் கடலுக்கான முறையான எச்சரிக்கை ஏற்பாடு உருவாயிற்று.

இப்போது 1935க்கு வருவோம். நவம்பர் 21ஆம் நாள் மவுனா லோவா வெடித்தது. சில நாளில் அதன் வடபுறச் சரிவில், ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் புதிய வாய் திறந்தது. அதிலிருந்து வந்த குழம்பு மவுனா லோவாவுக்கும் மவுனா கியாவுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் தேங்கியது. தேங்கி நிரம்பியதும், டிசம்பர் 22ஆம் நாள், ஹீலோ நகரின் திசையில் திரும்பியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். நகரத்துக்குக் குடிநீர் தரும் வைலுக்கு ஆற்றின் தலைப்பகுதி அதன் பாதையில் இருந்தது. கிறித்துமசு நேரம். ஊரில் எல்லார் கண்ணும் மலைமேல்.

ஜாகர் இராணுவ விமானப் படையை அழைத்தார். அவருடைய கணக்கு இதுதான்: முகப்பில் குண்டு போட்டுப் பயனில்லை; குழம்பு பிறக்கும் இடத்துக்கு அருகே, குகை வழியின் கூரையை உடைக்க வேண்டும். கூரை உடைந்தால் காற்றுப் பட்டுக் குழம்பு இறுகும்; இடிபாடு வழியை அடைக்கும்; குழம்பு மேலேயே வழிந்து பரவும்; முகப்புக்கு ஊட்டம் குறையும். டிசம்பர் 27ஆம் நாள் பத்து விமானங்கள் வந்தன. ஒவ்வொன்றும் 600 இராத்தல் எடையுள்ள 20 குண்டுகளை வீசின. மவுனா கியாவின் அடிவாரத்திலிருந்து ஜாகர் தொலைநோக்கி வழியே பார்த்துக் கொண்டிருந்தார். குழம்பும் பாறையும் சிதறி எழுந்தன. அடுத்த நாள்களில் முகப்பின் வேகம் தளர்ந்தது. 1936 ஜனவரி 2ஆம் நாள் ஓட்டம் நின்றது. ஹீலோ தப்பியது.

தம் திட்டம் வென்றது என்று ஜாகர் உறுதியாக நம்பினார், அவ்வாறே அறிவித்தார். ஆனால் எல்லாரும் ஏற்கவில்லை. குண்டு வீசிய விமானத்தில் உடன் பறந்த நிலவியலார் ஹரால்டு ஸ்டெர்ன்ஸ், மலை தானாக ஓயும் நேரமும் குண்டு விழுந்த நேரமும் ஒத்துப்போயின என்றே கருதினார். பல ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்தை நேரில் ஆராய்ந்தவர்களும், குண்டுகள் உண்டாக்கிய பள்ளங்கள் சிறியவை, குகை வழியை அவை அடைத்ததற்குச் சான்றில்லை என்ற முடிவுக்கே வந்தனர். ஹவாய்ப் பழங்குடி மக்களுக்கோ வேறு வருத்தம். எரிமலை அவர்களுக்குப் பெலே என்னும் தெய்வத்தின் உறைவிடம். மார்த்தினிக் மலையின் பெயரும் இதுவும் ஒன்றாக ஒலிப்பது தற்செயலே. தெய்வத்தின்மேல் குண்டு வீசுவதா என்று அவர்களுள் பலர் மனம் நொந்தனர்.

இங்கே பழைய செய்தி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1880 நவம்பரில் தொடங்கிய மவுனா லோவா ஓட்டம் ஒன்பது மாதம் நீடித்து, ஹீலோவின் வாசலுக்கே வந்துவிட்டது. அப்போது அரச குடும்பத்து இளவரசி ரூத் கேலிகோலானி அங்கு வந்து, பெலேக்குக் காணிக்கை செலுத்தி வேண்டினார். 1881 ஆகஸ்டில் குழம்பு நின்றது. வேண்டுதலால் நின்றது என்று அன்றைய மக்கள் நம்பினர். குண்டால் நின்றது என்று ஜாகர் நம்பினார். மலையின் வாயில் ஊட்டம் அற்றுப் போனால் எந்த ஓட்டமும் நிற்கும். ஒரு முறை மட்டும் செய்த சோதனையிலிருந்து காரணம் காண்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளையும் நான் வகுப்பில் அருகருகே வைத்துக் காட்டுவதுண்டு. ஆய்வுக்கூட மேசையில் நூறு முறை செய்து பார்க்கப் பழகிய ஜாகருக்கு இது தெரியாததன்று. தெரிந்தும் அவ்வளவு உறுதியாகப் பேசினார். ஹோவோப்பூலோவா அவர் நெஞ்சில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1942இல் மவுனா லோவா மீண்டும் பொங்கியபோது போர்க்காலம். இரவில் ஒளி தெரியக் கூடாது என்று ஊரே இருட்டில் கிடக்க, மலை மட்டும் கொழுந்து விட்டு எரிந்தது. மறுபடியும் குண்டு வீசினார்கள். குழம்பு கரையை உடைத்து வெளியேறி, சற்றுத் தொலைவு பக்கவாட்டில் ஓடி, மீண்டும் பழைய வழியிலேயே சேர்ந்து கொண்டது. அப்போது ஜாகர் பதவியில் இல்லை. 1940லேயே ஓய்வு பெற்று, ஹவாய்ப் பல்கலைக் கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்து வந்தார்.

குண்டைவிட அவருடைய இன்னொரு திட்டமே என் கருத்தில் ஆழமானது. ஹீலோவுக்கு மேலே, குழம்பு வருமுன்னரே, சாய்வாக நீண்ட கரைகள் எழுப்ப வேண்டும் என்றார். குறுக்கே மறிக்கும் அணை அன்று. ஓட்டத்தைச் சற்றே ஒதுக்கி வேறு சரிவுக்குத் திருப்பும் கரை. நீரினும் இரண்டரை மடங்குக்கு மேல் கனமான பொருளை எதிர்த்து நிறுத்த முயல்வது வீண், ஒதுக்கிவிடலாம் என்பதே அதன் தத்துவம். இராணுவப் பொறியாளர்கள் 1940இல் திட்டத்தை ஆராய்ந்தனர். கரை கட்டப்படவே இல்லை. செலவு பெரிது, அதோடு, ஒதுக்கிய குழம்பு யார் நிலத்தில் போய் விழும் என்ற கேள்விக்கு எந்தப் பொறியாளரும் விடை சொல்ல முடியாது.

ஜாகர் 1953 ஜனவரி 17ஆம் நாள் ஹொனலூலுவில் காலமானார். வயது 82 நிறைய ஒரு வாரம் இருந்தது. அவர் எழுதிய தன்வரலாறு 1956இல் வெளிவந்தது. எரிமலைகளோடு நான் செய்த சோதனைகள் என்று பொருள்படும் அதன் தலைப்பைக் காணும்போது, காந்தியடிகளின் சத்திய சோதனை நினைவுக்கு வராமல் போகாது.

அவருக்குப் பின் உலகம் அவருடைய கேள்வியை விடவில்லை. ஐஸ்லாந்தின் ஹேமே தீவில் 1973இல் துறைமுகத்தை அடைக்க வந்த குழம்பின்மேல் மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி அதன் முகப்பை இறுகச் செய்தார்கள், துறைமுகம் பிழைத்தது. இத்தாலியின் எட்னா மலையில் 1992இல் மண்கரைகள் எழுப்பிக் காலத்தை நீட்டித்ததோடு, மேலே குழம்புக் கால்வாயின் கரையை வெடி வைத்துத் தகர்த்துப் புதிய வழியில் திருப்பினார்கள். ஜாகர் வானிலிருந்து செய்ய முயன்றதைத் தரையில் நின்று, அளந்து, கணக்கிட்டுச் செய்தார்கள். சாபரானா என்ற ஊர் தப்பியது. ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊரைச் சுற்றிப் பெருங்கரைகள் கட்டினார்கள். அவை ஓட்டத்தின் பெரும்பகுதியைத் திருப்பின. ஆயினும் 2024 ஜனவரி 14ஆம் நாள் கரைக்கு உட்புறமே ஒரு பிளவு திறந்து மூன்று வீடுகள் எரிந்தன. ஆகவே, நிறுத்த முடியுமா என்று கேட்கும் மாணவருக்கு நான் சொல்லக் கூடியது இதுதான்: நேரமும் நிலச்சாய்வும் இடமும் ஒத்து வந்தால் சில வேளைகளில் ஒதுக்கலாம், வாயை மூட முடியாது.

ஹவாயில் கதை வேறு விதமாகத் தொடர்ந்தது. 1984இல் மவுனா லோவாக் குழம்பு ஹீலோவுக்கு ஆறேழு கிலோமீட்டர் தொலைவு வரை வந்து நின்றது. 2018இல் கிலாவியாவின் கீழ்ச்சரிவில் பிளவுகள் திறந்து 700க்கு மேற்பட்ட கட்டடங்களைக் குழம்பு விழுங்கியது. ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேறினர். குழம்பு ஓட்டத்தில் ஓர் உயிரும் போகவில்லை. அதே வேளையில் உச்சிப் பள்ளம் இடிந்து தாழ்ந்ததால் தரை ஓயாமல் அதிர்ந்தது. பள்ளத்தின் விளிம்பில் இருந்த ஆய்வகக் கட்டடமும், அதன் அருகே ஜாகரின் பெயரால் 1987 முதல் நடந்து வந்த காட்சிசாலையும் விரிசல் கண்டு கைவிடப்பட்டன. ஆய்வகத்தார் கருவிகளோடு ஹீலோவுக்கு இடம் பெயர்ந்தார்கள்.

அங்கிருந்தபடியே அவர்கள் 2022ஆம் ஆண்டில் மவுனா லோவாவின் அடிவயிறு வீங்குவதையும் சிறு நடுக்கங்கள் பெருகுவதையும் அளந்து, மாதக்கணக்கில் மக்களுக்குச் சொல்லி வந்தார்கள். நவம்பர் 27ஆம் நாள் இரவு மலை பொங்கியது. குழம்பு ஒரு வானிலை ஆய்வு நிலையத்தின் பாதையையும் மின்கம்பிகளையும் அறுத்துக் கொண்டு, தீவின் இரு கரைகளையும் இணைக்கும் நெடுஞ்சாலையை நோக்கி இறங்கியது. முகப்பு இன்று எங்கே, நாளை எங்கே என்று ஆய்வகம் நாள்தோறும் அறிவித்தது. சாலைக்கு 2.8 கிலோமீட்டர் இருக்கையில், டிசம்பர் இரண்டாம் வாரத்தில், வாயில் ஊட்டம் அற்றுக் குழம்பு நின்றது.